குத்தகைக்குப் போன சொல்

ஒடியா மொழியில் ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல்லை விற்றது கோகிலவாணிதான். விற்ற அன்று மைசூர்பாகு வாங்கிக்கொண்டுபோய் கிளை அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். தமிழ்ச் சொற்களையும் இந்திச் சொற்களையும் பெரிய கம்பெனிகள் மும்பையில் ஏலம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. திருப்பூர்க் கிளைக்கு மிஞ்சியது சின்னச் சந்தைகள்தான். ஒடியா, சந்தாலி, போஜ்புரி. பனியன் கம்பெனிகளில் லட்சக்கணக்கான காதுகள் இருந்தன. அந்தக் காதுகளுக்குள் போக விரும்பும் விளம்பரதாரரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

காதுக்குள் போகிற மொழிபெயர்ப்புக் கருவிக்கு வாணி வேலை பார்த்த கம்பெனி வைத்த பெயர் வேறு. ஊர் அதைக் காதுமணி என்றது. பட்டாணி அளவுதான் இருக்கும். அவரவர் அவரவர் மொழியில் பேசலாம். எதிராளியின் காதில் அவர் மொழியாகவே விழும். தமிழ் என்றால் ஏடு படிக்கிற தமிழ் இல்லை, ‘ஏனுங்க’ போட்டுப் பேசும் கொங்குத் தமிழ். அத்தனையும் இலவசம். ஆரம்பத்தில் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு விளம்பரம் வந்தது. சனங்கள் அந்த இடம் வந்ததும் மணியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள். விளம்பரத்தைப் பேச்சுக்குப் பின்னால் வைத்தால்தானே கழற்றுவான், பேச்சுக்குள்ளேயே வைத்துவிட்டால்?

அப்படி வந்ததுதான் சொல் குத்தகை. நீங்கள் ‘பிரியாணி சாப்பிடலாமா’ என்று கேட்டால், எதிராளியின் காதில் ‘ராவுத்தர் கடையில் சாப்பிடலாமா’ என்று விழும். அவனும் சரி என்பான். இரண்டு பேரும் ராவுத்தர் கடைக்குப் போவீர்கள். பிரியாணியும் நன்றாகத்தான் இருக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? வாணி ‘கம்மல்’ விற்றாள், ‘செல்போன் ரிப்பேர்’ விற்றாள். பிறகு அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்த அமுதகலசம் மகப்பேறு மருத்துவமனைக்கு ‘ஆஸ்பத்திரி’யை விற்றாள். ‘பிரசவ’மும் ‘அட்மிஷ’னும் அதோடு சேர்ந்தே போயின.

அனுப்பர்பாளையத்தில் வாணியின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு லைன் அறைகள் இருந்தன. மாமனார் வாடகைக்கு விடக் கட்டிவைத்துவிட்டுப் போனவை. அதில் இரண்டாவது அறையில் சஞ்சுக்தா இருந்தாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். புருஷன் ரஞ்சனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. நல்ல தண்ணீர் வரும் நாட்களில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வாணியும் சஞ்சுக்தாவும் பேசத் தொடங்கினால் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாது. நாத்தனாரிடம் சொல்லாததையெல்லாம் வாணி அவளிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் பிள்ளை இல்லாததை ஊரில் எல்லோரும் அவளிடம் கேட்டார்கள். கேட்காமல் உட்கார்ந்திருந்தவள் சஞ்சுக்தா ஒருத்திதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வாணி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது சஞ்சுக்தா குழாயடியில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. கொலுசு கணுக்காலில் புதைந்து கிடந்தது.

“என்ன கண்ணு இது, கால் இப்படி வீங்கிக் கெடக்குது?”

“ஒண்ணுமில்லீங்க்கா,” என்றது காதுமணி, சஞ்சுக்தாவின் குரலிலேயே. “தலைதான் வலிக்குது. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்குது. காலையில செக்கப்புக்குப் போயிட்டு வந்தனுங்க.”

“பெரியாஸ்பத்திரிக்குத்தான? என்ன சொன்னாங்க?”

“தாய்க்குத் தாயாக அமுதகலசம் இருக்குது, அங்க போயிச் சேர்ந்துக்கோன்னு சொன்னாங்க. போனேன். வியாழக்கெழமைக்கு டோக்கன் குடுத்திருக்காங்க.”

வாணியின் கையிலிருந்த சாவிக்கொத்து அப்படியே நின்றது. ‘தாய்க்குத் தாயாக.’ அந்த வாசகத்தை எழுதியதே அவள்தான். ‘தாய்க்கும் தாயாக’ என்பதா, ‘தாய்க்குத் தாயாக’ என்பதா என்று அமுதகலசத்தின் டாக்டரம்மாவோடு ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடியிருக்கிறாள்.

“யாரு சொன்னது அப்படி?”

“நர்ஸம்மா. அவங்களுக்கு என்ன கோவம்ங்கறீங்க! என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறாங்க. ‘இன்னைக்கே அமுதகலசம் போ, இப்பவே அமுதகலசம் போ’ன்னு கத்தறாங்க. சரி சரின்னு கையை உருவிக்கிட்டு வந்துட்டேன்.”

போ என்று சொல்கிறவள் எதற்காகக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் எதற்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்ல வேண்டும்? ‘ஆஸ்பத்திரியை விட்டுப் போகாதே, இங்கேயே அட்மிஷன் போடு’ என்றுதான் அந்த அம்மா கத்தியிருக்கிறாள். விற்றுப்போன இரண்டு சொல்லும் இவள் காதில் ‘அமுதகலசம் போ’ என்று விழுந்திருக்கின்றன.

“சஞ்சு, எந்திரி. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே.”

சஞ்சுக்தா சிரித்தாள். “வியாழக்கெழமைதானுங்க்கா அங்க டோக்கன்.”

வாணி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். அந்தச் சொல் வேண்டாம். அது இனி நம்முடையது இல்லை. “காலையில போனியே, அந்த எடத்துக்கே திரும்பப் போகணும்.”

“போனேனுங்களே, அமுதகலசத்துக்கு. நல்லாப் பேசுனாங்க.”

“அதில்ல கண்ணு! அதுக்கு முன்னால போனது. கவர்மெண்டு. மஞ்சக் கட்டடம். நர்ஸம்மா இருக்காங்களே, அங்க!”

“நர்ஸம்மாதான் அமுதகலசம் போகச் சொன்னாங்க,” என்று சஞ்சுக்தா பொறுமையாகச் சொன்னாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

“இந்த மணி பொய் சொல்லுது! தப்பாச் சொல்லுது உனக்கு!”

சஞ்சுக்தா தலையை ஆட்டினாள். “நீங்க சொன்னாச் சரிதானுங்க்கா.”

தான் சொன்னது அவள் காதில் என்னவாக விழுந்தது என்று வாணிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ரஞ்சனுக்குப் போன் அடித்தாள். பட்டறைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். போன் அடித்து அடித்து நின்றது. எடுத்திருந்தாலும் அவன் காதிலும் இதே மணிதானே என்று அப்புறம்தான் உறைத்தது. சஞ்சுக்தா நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வாணி குனிந்து அவள் காதிலிருந்த மணியைப் பிடுங்கினாள். தன் காதில் இருந்ததையும் பிடுங்கித் தூர எறிந்தாள்.

“வா” என்றாள். “எந்திரி.”

சஞ்சுக்தா திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். வாணிக்கு அதில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. இரண்டு வருடம் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார்கள். ஆனால் சஞ்சுக்தாவின் பேச்சை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள். வெறும் சத்தமாக இருந்தது. தன் பேச்சும் அவளுக்கு அப்படித்தான் இருக்கும். கையைக் காட்டினாள், தெருவைக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள். படபடப்பில் குரல் உயர்ந்துவிட்டது. “போகணும், கெளம்பு, கெளம்பு!” என்று தெருப்பக்கம் கையை வீசினாள்.

சஞ்சுக்தாவின் முகம் மாறியது. வாணியைப் பார்த்தாள், தன் அறையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். வாணி பின்னாலேயே ஓடினாள். கொடியில் கிடந்த துணிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். சாமி படத்தை எடுத்துத் துண்டில் சுற்றினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

வீட்டுக்காரி தன்னைக் காலி பண்ணச் சொல்கிறாள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

“ஐயோ, இல்ல கண்ணு” என்று வாணி வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். இல்லை என்று புரிய வைக்க ஒரு வழி கிடைத்தால், இவள் மறுபடி பக்கெட்டில் காலை வைத்து உட்கார்ந்துவிடுவாள். வியாழக்கிழமை வரைக்கும். இப்போது இவள் கிளம்புகிறாள். எதற்காகக் கிளம்பினால் என்ன?

வாணி தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். பையை வாங்கி உள்ளே வைத்தாள். சஞ்சுக்தாவின் தோளைப் பிடித்து, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே, ஏற்றினாள். வழியெல்லாம் சஞ்சுக்தா அவள் பக்கம் திரும்பவே இல்லை. கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் பாதி வழியில் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன.

“யாரு இவளை வெளிய விட்டது?” என்று பெரியாஸ்பத்திரி வாசலிலேயே சத்தம் போட்டாள் நர்ஸ். “பிரஷர் எகிறிக் கெடக்குது, ஃபிட்ஸ் வந்துரும், போவாதே போவாதேன்னு கையைப் புடிச்சுச் சொல்றேன், உதறிட்டுப் போறா! நீங்க யாரும்மா இவளுக்கு?”

வாணி பதில் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை. இரண்டு கைக்குள் அடங்குகிற மாதிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் நீலக் குல்லா போட்டுக்கொண்டு கிடந்தது. சஞ்சுக்தாவுக்கு நினைவு தெளிய நாளானது. ரஞ்சன் வந்து சேர்ந்து, வராந்தாவில் உட்கார்ந்து, வாணியைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றான். அவன் காதில் மணி இருந்தது. அதனாலேயே வாணிக்கு அவனிடம் பேசப் பயமாக இருந்தது.

கிளை மேலாளர் திவாகர் கெட்டவன் இல்லை. வாணி சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறியது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

“அவசரச் சொற்களை நாம விக்கறதே இல்லைங்க மேடம். தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாத்துலயும் அதுக்குத் தடைப் பட்டியல் இருக்கு. ஒடியாவுக்கு இன்னும் போடல. அடுத்த வருஷத் திட்டத்துல இருக்கு.”

“விக்கறதுக்கு மட்டும் இந்த வருஷத் திட்டமா?”

“சந்தை வளர்ந்தாத்தானே ஆள் போட்டுப் பட்டியல் போட முடியும்? வளர்றதுக்கு விக்கணும்.” சொல்லிவிட்டு, சொன்னது தன் காதுக்கே நன்றாக இல்லாததுபோல் அவன் ஜன்னலைப் பார்த்தான். “பாதிக்கப்பட்டவங்க ஒரு புகார் குடுத்தா உடனே நிறுத்திடலாம். அவங்க மொழியிலயே பேசலாம், வசதி இருக்கு.”

“எது வழியா பேசணும்?”

திவாகர் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினான்.

“சரி, நானே ‘மணி பொய் சொல்லுது’ன்னு சொன்னேன். அவ சிரிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டறா. அவ காதுல என்ன விழுந்திருக்கும்?”

“சரியா சொல்ல முடியாதுங்க. கருவி மேல சந்தேகம் வர்ற மாதிரியான பேச்சைக் கொஞ்சம் மென்மையாக்கும். சண்டை, கோவம், இதையும் அப்படித்தான். அதே மாதிரி...” அவன் தயங்கினான். “சில எடத்துல ஆறுதலாவும் ஒண்ணு ரெண்டு சேர்க்கும். ஆறுதல் கேட்டவங்க மணியைக் கழட்ட மாட்டாங்க. ஆய்வு பண்ணிப் பாத்திருக்காங்க.”

வாணி எழுந்தாள். அமுதகலசத்து டாக்டரம்மாவை நேரில் போய்ப் பார்த்துச் சொன்னாள். அந்த அம்மா ஆடிப்போய்விட்டார். “எங்களுக்குப் பேர் வரணும்னுதான் கேட்டோம், இப்படியா?” என்று அவள் முன்னாலேயே போன் போட்டுக் குத்தகையை விட்டுக்கொடுத்தார். வாணிக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. மறுநாள் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது திரையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது: ஒடியா, ‘ஆஸ்பத்திரி’, புதிய குத்தகைதாரர். ஈரோட்டில் ஏதோ ஸ்கேன் சென்டர். அடுத்த நாற்காலிப் பையன்தான் விற்றிருந்தான். மேசை மேல் இனிப்புப் பெட்டி திறந்திருந்தது.

அவள் அடையாள அட்டையைக் கழற்றிப் பெட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சஞ்சுக்தாவைக் குழந்தையோடு வீட்டுக்கு அனுப்பிய நாள், ரஞ்சன் அவளை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினான். அறையில் தங்க வரவில்லை. மிச்சச் சாமானை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார்கள். ஸ்டவ், பாய், இரண்டு குடம். வேலம்பாளையத்தில் வேறு அறை பார்த்தாகிவிட்டது என்று ரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவன் பேச்சைக் கேட்பதற்காக வாணி தூர எறிந்த மணியைத் தேடி எடுத்துக் காதில் வைத்திருந்தாள்.

சஞ்சுக்தா காதில் மணி இல்லாமல் அறை வாசலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். வாணி கிட்டே போனாள். துணிக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடிவிடலாம் என்று கையை நீட்டினாள்.

சஞ்சுக்தா ஏதோ சொன்னாள்.

“உங்களை என்னைக்கும் மறக்க மாட்டேனுங்க்கா” என்றது காதுமணி, கனிவாக.

ஆனால் சஞ்சுக்தாவின் முகத்தில் கனிவில்லை. பல்லைக் கடித்திருந்தாள். குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு அரையடி பின்னால் நகர்ந்திருந்தாள். வாணி மணியைக் கழற்றினாள். “என்ன சொன்ன?” என்று கையைக் காட்டிக் கேட்டாள். சஞ்சுக்தா அதே சொற்களைத் திரும்பச் சொன்னாள். மோ பிலாகு என்று தொடங்கியது. மீதி பிடிபடவில்லை. ரஞ்சன் கையில் குடத்தோடு தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வாணி தெருமுனைக்கு ஓடினாள். அங்கே டீக்கடை போட்டிருக்கும் பைத்யநாத் ஒடிசாக்காரர். காதுமணியெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பு வந்தவர். பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையில் திட்டு வாங்கி வாங்கியே தமிழ் படித்தவர். ஒரு காலத்தில் புதிதாக வருகிறவர்கள் வாடகை பேசவும் மருந்து வாங்கவும் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அவரும் டீயோடு நின்றுகொண்டார்.

“பைத்யண்ணா, ‘மோ பிலாகு’ன்னா என்னங்க?”

“என் புள்ளையை.” அவர் பாலை ஆற்றுவதை நிறுத்தவில்லை. “என் புள்ளையை என்னங்கம்மா? முழுசாச் சொன்னாத்தான தெரியும்?”

அவள் சத்தத்தை மட்டும் நினைவில் வைத்து, திக்கித் திக்கிச் சொல்லிக் காட்டினாள். பைத்யநாத் டம்ளரைக் கீழே வைத்தார்.

“‘தொடாத.’ என் புள்ளையைத் தொடாத. யாருங்கம்மா உங்ககிட்ட அப்படிச் சொன்னது?”

கடையை அப்படியே போட்டுவிட்டு அவர் வந்தார். வரும் வழியில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சொல்லை விற்றது தான்தான் என்பதையும் சொன்னாள். “அதையும் சொல்லணுங்களா?” என்று அவர் கேட்டார். “அதைத்தான் மொதல்ல சொல்லோணும்” என்றாள்.

அவர் சஞ்சுக்தாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசினார். நீளமாகப் பேசினார். நடுவில் ரஞ்சன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் காதிலிருந்ததைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சஞ்சுக்தா வாணியைப் பார்க்கவில்லை. குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் துணிக்கு வெளியே நீட்டியிருந்த குட்டிக் காலை மூடினாள். பிறகு தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டாள்.

பைத்யநாத் திரும்பினார். “போன மழைக்காலத்துல இதோட அம்மா செத்துப்போச்சாம். ஊருக்குப் போக முடியல. அன்னைக்கு நீங்க வந்து வாசப்படியில உக்காந்து, ‘அழு, உனக்கு அம்மா இல்லைன்னு நெனைக்காத, நான் இருக்கேன்’னு சொன்னீங்களாம். அதை நெனைச்சுத்தான் இந்த ஊர்ல இருந்தேன்னு சொல்லுது. அது நீங்க சொன்னதா, இல்ல அந்த மணி சொன்னதான்னு கேக்குது.”

வாணிக்கு அந்த நாள் நினைவிருந்தது. மழை. அறைக்குள் இவள் சுருண்டு கிடந்தாள். என்ன சொல்வது என்று வாணிக்குத் தெரியவில்லை. சாவு வீட்டில் பேச அவளுக்கு எப்போதுமே வராது. படியில் போய் உட்கார்ந்தாள், இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். குழந்தை கைக்கு வந்துவிடும்.

“அது நான் சொல்லலைங்க” என்றாள். “எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. ‘சாப்பிட்டியா’ன்னு மட்டும் கேட்டேன். ரெண்டு மூணு வாட்டி கேட்டேன். வேற ஒண்ணும் சொல்லலை.”

பைத்யநாத் கொஞ்சம் தயங்கினார். பிறகு அதை அப்படியே சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ‘சாப்பிட்டியா’வை மட்டும் தமிழிலேயே சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கினார்.

சஞ்சுக்தா முதல்முறையாக நிமிர்ந்து வாணியின் வாயைப் பார்த்தாள், அந்தச் சொல் அங்கிருந்துதான் வந்ததா என்று பார்ப்பதுபோல.

“சாப்டியா,” என்றாள் மெதுவாக, உதட்டில் வைத்துப் பார்த்து. பைத்யநாத்திடம் ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். அவள் அதை வாய்க்குள்ளேயே இரண்டு தரம் உருட்டிக்கொண்டு வாணியிடம் திரும்பினாள்.

“இன்னும் இல்ல.”

குழந்தையை அவள் இன்னும் மார்போடுதான் பிடித்திருந்தாள். வாணி வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்து, நான்கு பேருக்கு அரிசி களைந்தாள்.